ஓப்பன் ஃபைல் யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்த கிளையண்ட் கேட்கிறார், கொடுப்பதா வேண்டாமா?

#1 கொங்குக்கோடு

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டில் இருந்து ஃப்ரீலான்ஸ் டிசைன் செய்கிறேன். போன வருடம் ஒரு மசாலா கம்பெனிக்கு லோகோவும் ஆறு பவுச் டிசைனும் முடித்துக் கொடுத்தேன். ஒப்பந்தம் என்று தனியாக எதுவும் போடவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் "லோகோ 1, பவுச் டிசைன் 6, மூன்று முறை கரெக்‌ஷன், பிரிண்டுக்கான பிடிஎஃப்" என்று எழுதியிருந்தேன். "ஓகே, அட்வான்ஸ் போட்டாச்சு" என்று பதில் வந்தது. பணம் முழுவதும் ஒழுங்காக வந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. எழுத்தையெல்லாம் கர்வ் போட்டு, அதாவது தட்டச்சில் திருத்த முடியாத வடிவமாக மாற்றி, பிடிஎஃப்பும் பிஎன்ஜியும் கொடுத்தேன்.

இப்போது இல்லஸ்ட்ரேட்டர் ஓப்பன் ஃபைல், அதாவது எழுத்தையும் படத்தையும் திறந்து மாற்றக்கூடிய மூலக் கோப்பு, மொத்தமும் வேண்டும் என்கிறார். அக்கா மகன் டிசைன் படித்திருக்கிறானாம், இனிமேல் அவனே பார்த்துக்கொள்வானாம். கொட்டேஷனில் அது இல்லையே என்றேன். "காசு கொடுத்து வாங்கின பொருள்ல பாதியக் குடுத்துட்டு மீதிய நீங்க வச்சுக்குவீங்களா?" என்று கேட்கிறார். சட்டப்படி இது யாருடையது? கொடுப்பதென்றால் எவ்வளவு கேட்கலாம்?

#2 பிக்சல்பாண்டி

கொடுக்காதீர்கள். ஓப்பன் ஃபைல் தனிச் சரக்கு. ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் லோகோ விற்பவர்களின் பேக்கேஜைப் பாருங்கள், சோர்ஸ் ஃபைல் என்பது தனி டிக். விலை குறைந்த பேக்கேஜில் பெரும்பாலும் அது இருக்காது. உலகம் முழுக்க அப்படித்தான் விற்கிறார்கள், நம் ஊரில் மட்டும் இலவசமாகக் கேட்பார்கள். ஒரு தடவை கொடுத்துவிட்டால் அந்த கிளையண்ட் திரும்பி வரமாட்டார்.

#3 கடலைமிட்டாய்க்காரர்

நான் கிளையண்ட் பக்கம். கோவில்பட்டியில் சின்னதாக ஒரு கம்பெனி. டிசைனர்கள் மட்டுமே பேசினால் இழை ஒருதலையாகப் போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் லேபிளைச் செய்த பையன் நல்ல வேலைக்காரன். பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நாங்கள் உற்பத்தி இடத்தை மாற்றினோம். முகவரி மாறியது, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண்ணும் மாறியது. பதினான்கு இலக்க எண் ஒன்று, இரண்டு வரி முகவரி, மாற்ற வேண்டியது இவ்வளவுதான். போனை எடுக்கவில்லை, மெயிலுக்கும் பதில் இல்லை. கடைசியில் வேறொருவர் பழைய பிடிஎஃப் மேல் வெள்ளைப் பெட்டி ஒட்டி எழுதிக் கொடுத்தார். அச்சாகி வந்தபோது பச்சை நிறம் பழைய சரக்கோடு ஒத்துப்போகவில்லை. இது டூப்ளிகேட்டா என்று கடைக்காரர்களே கேட்டார்கள்.

வீடு கட்டினால் பிளான் நம் கையில் இருக்கும். இன்ஜினியர் ஊரைவிட்டுப் போனாலும் அடுத்த மேஸ்திரி அதைப் பார்த்து வேலை செய்வார். உங்கள் கலைஞர் உரிமை எனக்கு வேண்டாம் சாமி. அடுத்த மேஸ்திரிக்குக் காட்ட ஒரு பிளான் வேண்டும், அவ்வளவுதான்.

#4 பழைய_பேஜ்மேக்கர்

அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் சிவகாசிக்காரன், பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர் காலத்திலிருந்து இந்தத் தொழில். இதே சண்டையை எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

பார்ட்டியிடம் பிளேட் சார்ஜ் வாங்குவோம், பிளேட் பிரஸ்ஸிலேயே கிடக்கும். யாரும் கேட்பதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவோம், வெறும் அலுமினியத் தகடுதானே. ஆனால் கோரல்டிரா சாஃப்ட்வேரின் ஓப்பன் ஃபைலான சிடிஆர் ஃபைலைக் கேட்டால் மட்டும் எங்கள் ஆட்கள் முகம் மாறும். காரணம் கலை இல்லை. ஃபைல் போனால் அடுத்த வருடக் காலண்டர் ஆர்டர் பக்கத்துத் தெரு பிரஸ்ஸுக்குப் போய்விடும் என்ற பயம்.

கொங்குக்கோடு தம்பிக்கு இரண்டு விஷயம். முதலில், கொடுத்த பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிடிஎஃப் சேமிக்கும்போது "பிரிசர்வ் இல்லஸ்ட்ரேட்டர் எடிட்டிங் கேபபிலிட்டீஸ்" என்று ஒரு டிக் இருக்கும். அது இருந்தால் முழு ஓப்பன் ஃபைலும் அந்தப் பிடிஎஃப்புக்குள்ளேயே போய்விடும். ஃபைல் அளவு தாறுமாறாக இருந்தால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது, பவுச் பெரும்பாலும் கிராவ்யூர் அச்சு முறையில்தான் ஓடும். ஒரு நிறத்துக்கு ஒரு அச்சு சிலிண்டர். அடிக்கடி மாறக்கூடிய முகவரி, லைசென்ஸ் எண், சத்து அட்டவணை எல்லாவற்றையும் கறுப்பில் மட்டும் வைத்திருந்தால், மாற்றம் வரும்போது கறுப்பு சிலிண்டர் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் போதும். அதே எழுத்தை நான்கு நிறத்தில் கலந்து வைத்திருந்தால் நான்கு சிலிண்டரும் போச்சு. எம்ஆர்பி, பேட்ச் எண், பேக்கிங் தேதி எல்லாம் டிசைனிலேயே வரக்கூடாது. வெள்ளை இடம் விட்டால் பேக்கிங் லைனில் இங்க்ஜெட் அடித்துக்கொள்வார்கள். இப்படிச் செய்து கொடுத்தால் பாதி கிளையண்ட்களுக்கு ஓப்பன் ஃபைல் தேவையே வராது. அப்புறம், அந்தச் சிலிண்டர்களும் பார்ட்டி காசுதான், அவற்றையும் பவுச் அடிப்பவர்தான் வைத்திருப்பார். அது தனிக் கதை.

#5 கறுப்புக்கோட்டு

வக்கீல். உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் எழுதுவதால் இதைப் பொதுத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. படைப்பின் பதிப்புரிமை யாருடையது என்பது ஒன்று. உங்கள் கணினியில் இருக்கும் ஓப்பன் ஃபைலை எடுத்துக் கொடுக்கும் கடமை உங்களுக்கு உண்டா என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு அதில் தேடிப் பயனில்லை, நீங்கள் பேசிக்கொண்டது என்னவோ அதுதான் பதில்.

பிரிவு 17இன்படி, படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்ஸர் சம்பள ஆள் இல்லை. ஆகவே லோகோ, பவுச் டிசைன் ஆகியவற்றின் பதிப்புரிமை, எழுதிக் கொடுக்காத வரை, உங்களுடையது. பணம் முழுவதும் வந்துவிட்டது என்பதால் மட்டும் அது கைமாறாது. பிரிவு 19இன்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றித் தருபவர் கையெழுத்திட வேண்டும். "ஓகே, அட்வான்ஸ் போட்டாச்சு" என்பது அவர் அனுப்பியது, உங்கள் கையெழுத்து எங்கும் இல்லை.

அதற்காக அவர் பவுச்சை அச்சடிக்கக்கூடாது என்று நீங்கள் கிளம்ப முடியாது. மசாலா விற்பதற்காகக் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தீர்கள். அந்த வேலைக்குப் பயன்படுத்தும் அனுமதி அதிலேயே அடங்கியிருக்கிறது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

ஃபைல் விஷயத்தில் உங்கள் கொட்டேஷன் உங்களுக்குச் சாதகம். "பிரிண்டுக்கான பிடிஎஃப்" என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் "பவுச் டிசைன் 6" என்று விட்டிருந்தால், எது அடங்கும் எது அடங்காது என்று இரண்டு பக்கமும் இழுக்க இடம் இருந்திருக்கும்.

ஆனால் கிளையண்டுக்கும் ஒரு அவசரம் வரப்போகிறது, அதையும் கவனியுங்கள். லோகோவைக் கலைப்படைப்பாகப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய வேண்டுமானால், வரைந்தவரும் விண்ணப்பிப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், வரைந்தவரின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். பொருள்மேல் பயன்படும் கலைப்படைப்பு என்றால் வணிகக்குறிப் பதிவாளரின் சான்றிதழும் வேண்டும். அன்றைக்கு அவர் உங்களைத் தேடி வந்தே ஆக வேண்டும்.

#6 இரவல்லென்ஸ்

அப்படியானால் கல்யாண போட்டோவுக்கும் இதுதானே? நான் ஆல்பமும் எடிட் செய்த படங்களும் கொடுப்பேன், கேமராவில் பதிவான அசல் ரா ஃபைல் கொடுக்க மாட்டேன். எடுத்தவன் நான், காப்பிரைட் எனது. என் கொட்டேஷனில் இதைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை, தேவையும் வந்ததில்லை.

#7 கறுப்புக்கோட்டு

இல்லை சார், உங்கள் தொழிலுக்குச் சட்டம் தலைகீழ். அதே பிரிவு 17இன் (ஆ) உட்பிரிவைப் படியுங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகக் காசு வாங்கி எடுத்த புகைப்படம், வரைந்த ஓவியம் அல்லது உருவப்படம், செதுக்கு வேலை, எடுத்த திரைப்படம் இவற்றுக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். திரைப்படம் என்பதில் நாம் எடுக்கும் வீடியோவும் அடங்கும். எனவே கல்யாண போட்டோவின் பதிப்புரிமை, நீங்கள் எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால், அந்தக் குடும்பத்துடையது. அவர்கள் அனுமதி இல்லாமல் உங்கள் ஸ்டூடியோ வாசலில் பெரிதாக பேனர் வைப்பதும் சிக்கல்தான்.

ரா ஃபைலை ஒப்படைக்க வேண்டுமா என்பது அப்போதும் தனிக் கேள்வி. உரிமை அவர்களுடையது, ஃபைல் உங்கள் ஹார்ட் டிஸ்கில். கொட்டேஷனில் ஒரு வரி எழுதாமல் இந்த நிலையில் நிற்பது உங்களுக்குத்தான் ஆபத்து. "காப்பிரைட் எனது" என்ற தைரியத்தில் வாதாடப் போனால் முதல் வரியிலேயே சறுக்கும்.

#8 இரவல்லென்ஸ்

அடேயப்பா. இதை எங்கள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் இன்று ராத்திரி யாரும் தூங்கமாட்டார்கள்.

#9 ஊசிநூல்

திருப்பூர். எம்பிராய்டரி பஞ்சிங், அதாவது டிசைனை மெஷினுக்கான தையல் ஃபைலாக மாற்றும் வேலை செய்கிறேன். எங்கள் தொழிலில் இந்தச் சண்டை ரொம்பப் பச்சையாக இருக்கும், அதனால் சொல்கிறேன்.

மெஷினுக்குப் போவது டிஎஸ்டி ஃபைல். ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே தாவ வேண்டும், எங்கே நின்று நூல் மாற்ற வேண்டும், அதில் இருப்பது இவ்வளவுதான். நாங்கள் வேலை செய்வது வில்காம் சாஃப்ட்வேரின் இஎம்பி ஃபைலில். இது சாட்டின் தையல், இது டடாமி தையல், இதன் அடர்த்தி இவ்வளவு, அடியில் தாங்கும் அண்டர்லே தையல் இப்படி என்று எல்லாம் அதற்குள் உயிரோடு இருக்கும். மார்பில் வரும் லோகோவை முதுகுக்குப் பெரிதாக்கு என்றால், இஎம்பியில் அளவை மாற்றினால் தையல் எண்ணிக்கை தானாகக் கூடும். டிஎஸ்டியை அப்படியே இழுத்துப் பெரிதாக்கினால் தையல்கள் விலகித் துணி தெரியும், சிறிதாக்கினால் நெருங்கி நூல் அறும்.

நாங்கள் ஆயிரம் ஸ்டிச்சுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறோம். ஸ்டிச் கணக்கில் காசு கொடுத்தவருக்கு டிஎஸ்டி. இஎம்பி கேட்டால் வேறு ரேட். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கிராஃபிக் டிசைனில்தான் விலையை முன்னாலேயே பிரித்துச் சொல்லாமல் கடைசியில் சண்டை போடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வக்கீல் சாருக்கு ஒரு கேள்வி. நான் டிசைனையே சொந்தமாக வரைந்து கொடுக்கிறேன் என்றால், ஒரு கார்மெண்ட்ஸ்காரர் அதை லட்சம் பீஸில் போடுகிறார் என்றால், காப்பிரைட் எனக்கு இருக்கும்தானே?

#10 கறுப்புக்கோட்டு

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கப்போகிறீர்கள்.

பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 15(2) இப்படிச் சொல்கிறது. வடிவமைப்புச் சட்டம் 2000இன் கீழ்ப் பதியத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, அதை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழிற்சாலை முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அதில் பதிப்புரிமை தீர்ந்தது. மெத்தை, சோபா துணி டிசைன்கள் தொடர்பாக மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் பேசியது. துணிமேல் போடுவதற்கென்றே வரைந்தது பதிப்புரிமைச் சட்டத்தின் பக்கம் ஒதுங்க முடியாது என்றது. எது கலைப்படைப்பு, எது வடிவம் என்ற எல்லைக்கோடு இன்னும் வழக்குக்கு வழக்கு விவாதிக்கப்படுவதுதான். இருந்தாலும் டி-ஷர்ட்டுக்காகவே வரைந்த பூவேலையை வைத்துக்கொண்டு நீங்கள் தெம்பாக இருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பதிப்புரிமையில் படைத்தவர் முதல் உரிமையாளர் என்றேன் அல்லவா, வடிவமைப்புச் சட்டத்தில் பிரிவு 2(ஜே) வேறு மாதிரி. ஒருவருக்காகக் காசு வாங்கிச் செய்தால், யாருக்காகச் செய்தீர்களோ அவரே உரிமையாளர்.

ஆக, ஊசிநூல் சார், உங்கள் விஷயத்தில் சட்டம் கொடுக்கும் பிடி குறைவு. கையில் இருக்கும் இஎம்பி ஃபைல்தான் பிடி. உங்கள் ஊர்க்காரர்கள் தனி ரேட் வைத்தது காரணமில்லாமல் இல்லை.

#11 பிக்சல்பாண்டி

இவ்வளவு சட்டம் படித்துவிட்டு டிசைன் செய்ய எப்போது உட்காருவது? என் கேள்வி எளிது. மாதாமாதம் ஒரே கம்பெனிக்கு ரீடெய்னரில், அதாவது நிலையான மாதக் கட்டணத்துக்கு, வேலை செய்கிறேன். நான் ஃப்ரீலான்ஸரா, சம்பள ஆளா?

#12 கறுப்புக்கோட்டு

பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்கள் ஆட்டுவிக்கிறார்களா, அவர்கள் கருவி, அவர்கள் நேரமா, பிஎஃப் பிடிக்கிறார்களா, வேறு கிளையண்ட்களுக்குச் செய்யத் தடை உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். பில் போட்டு, டிடிஎஸ் பிடித்து, வீட்டிலிருந்து நாலு பேருக்கு வேலை செய்கிறீர்கள் என்றால் ஃப்ரீலான்ஸர்தான்.

பக்கத்து மாநிலத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. போபன், மோளி என்ற இரண்டு குழந்தைகளை வைத்து கார்ட்டூன் போட்ட டாம்ஸ், மலையாள மனோரமா பத்திரிகையில் வேலையை விட்டு வெளியே வந்து அதே பாத்திரங்களை வேறு இடத்தில் வரையப்போனபோது வந்த வழக்கு. கேரள உயர் நீதிமன்றம் 1988இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வேலையில் சேரும் முன்பே அவர் உருவாக்கிய பாத்திரங்கள் அவை. நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஐகான் செட், டெம்ப்ளேட், கணினி நிரல் இவற்றை "முன்பே எனக்குச் சொந்தமானவை" என்று ஒப்பந்தத்தில் பட்டியல் போடச் சொல்வது இதற்காகத்தான்.

#13 கமிட்புஷ்

அந்தக் கடைசி வரியை டெவலப்பர்கள் சட்டகம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் கணினி நிரல் சட்டத்தில் இலக்கியப் படைப்பு வகையில் வருகிறது, அதனால் போட்டோ விதிவிலக்கு எங்களுக்குக் கிடையாது. எழுதியவருக்கே முதல் உரிமை. ஆனால் வெப்சைட் செய்து கொடுத்துவிட்டு அதன் நிரலைப் பிடித்து வைத்துக்கொள்வது எனக்கு ஒப்பாத காரியம். டிசைனர் பிடிஎஃப் கொடுத்தால் கிளையண்ட் அச்சடித்துப் பிழைத்துக்கொள்வார். நிரல் இல்லாமல் வெப்சைட்டை என்ன செய்வார்? டொமைனை டெவலப்பர் தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டு வருடாவருடம் மிரட்டும் கதைகளும் இருக்கின்றன. அதற்குச் சட்ட விவாதமே வேண்டாம், அது அயோக்கியத்தனம்.

நான் செய்வது இதுதான். ரெப்போ, அதாவது நிரலைச் சேமித்து வைக்கும் இடம், முதல் நாளிலிருந்தே கிளையண்ட் கணக்கில். அவருக்காக எழுதியது முழுப் பணமும் வந்த தேதியில் அவருக்கு. நான் பல வேலைகளில் பயன்படுத்தும் என் நிரல் லைப்ரரி என்னுடையது, அதை இந்த வெப்சைட்டில் காலவரை இல்லாமல் பயன்படுத்த, மாற்ற அவருக்கு உரிமம். ஓப்பன் சோர்ஸ் பாகங்கள் எவை, எந்த உரிமத்தில் என்று ஒரு தாள்.

அமெரிக்க கிளையண்ட்கள் அனுப்பும் ஒப்பந்தத்தில் "வொர்க் மேட் ஃபார் ஹயர்" என்று ஒரு வரி இருக்கும், செய்யச் சொன்னவருக்கே முதல் உரிமை என்று பொருள். அவர்களுடைய 1976 சட்டத்தில் வெளி ஆளிடம் செய்யச் சொன்ன வேலைக்கு அது ஒன்பது வகைகளுக்குத்தான் பொருந்தும், அதுவும் இருவரும் கையெழுத்திட்டிருந்தால். சாதாரண சாஃப்ட்வேர் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. அதனால்தான் அதற்கு அடுத்த வரியிலேயே "அப்படி ஆகாவிட்டால் இதன் மூலம் உரிமை மாற்றித் தரப்படுகிறது" என்று பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவார்கள். அந்த இரண்டாவது வரியில் "பணம் முழுவதும் கிடைத்த பிறகு" என்று சேர்க்கச் சொல்லுங்கள். இதுவரை யாரும் எனக்கு மறுத்ததில்லை. அப்வொர்க் ஃப்ரீலான்ஸ் தளத்தின் பொது விதிமுறையே பணம் வந்த பிறகுதான் உரிமை போகும் என்று இருக்கிறது.

#14 எழுத்துருப்பித்தன்

எல்லோரும் உரிமை உரிமை என்கிறீர்கள். ஓப்பன் ஃபைலுக்குள் இருப்பதில் பாதி உங்களுடையதே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லையே.

மசாலா பவுச்சில் தமிழ் எழுத்து எந்த ஃபாண்ட்? பாலூ தம்பி, காடமரன், ஹிந்த் மதுரை போன்று கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைப்பவை என்றால் பிரச்சினை இல்லை, ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ். உரிமக் கோப்போடு சேர்த்துத் தாராளமாகக் கொடுக்கலாம். அடோபி ஃபாண்ட்ஸில் இருந்து எடுத்தது என்றால் ஃபாண்ட் கோப்பைக் கொடுக்க முடியாது, இல்லஸ்ட்ரேட்டரின் பேக்கேஜ் வசதியில் கோப்புகளைத் திரட்டினாலும் அது சேராது. கிளையண்ட் தன் சந்தாவில் எடுத்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கிய ஃபாண்ட் என்றால் உரிமம் உங்கள் பெயரில். மிளகாய்ப் படம், படங்களை உரிமத்தோடு விற்கும் ஸ்டாக் தளத்தில் எடுத்ததா? அதன் உரிமமும் உங்கள் பெயரில்தான் இருக்கும். கர்வ் போட்ட, படம் ஒட்டிய பிடிஎஃப்பாகப் போகும்போது பொதுவாகச் சிக்கல் வராது. ஓப்பன் ஃபைலாகப் போகும்போது இந்தப் பூதங்கள் எல்லாம் கிளம்பும்.

இன்னொன்று. அந்த அக்கா மகன் இல்லஸ்ட்ரேட்டரில் தமிழைத் திறக்கும்போது இந்திய மொழிகளுக்கான கம்போசர் அமைப்பு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். "கொத்தமல்லி"யில் முதல் எழுத்தே உடையும். கவனிக்காமல் சிலிண்டர் போட்டுவிட்டால் டிசைன் செய்தவர் என்று உங்கள் பெயர்தான் ஊரெல்லாம் அடிபடும். "ஒப்படைத்த பிறகு செய்யும் மாற்றங்களுக்கு நான் பொறுப்பல்ல" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

#15 கடலைமிட்டாய்க்காரர்

இதைப் படித்ததும் இன்னொன்று தோன்றுகிறது. எனக்கு எழுத்து மாற்றக்கூடிய ஃபைல் வேண்டும், ஆனால் டிசைனர் போட்டுப் பார்த்துக் கழித்த நாற்பது லோகோ எனக்கு எதற்கு? ஓப்பன் ஃபைல் என்றாலே கம்ப்யூட்டரையே தூக்கிக் கொடுப்பது மாதிரி ஏன் இரண்டு பக்கமும் பதறுகிறார்கள் என்று புரியவில்லை. விலையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பவுச் ஒன்றுக்கு இவ்வளவு, ஓப்பன் ஃபைலோடு என்றால் இவ்வளவு என்று இரண்டு வரியில் பார்த்திருந்தால் அன்றைக்கே கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருப்பேன். வேலை முடிந்து நாளான பிறகு கேட்கும்போது விலை சொன்னால் பிணைப்பணம் கேட்பதுபோல இருக்கிறது.

#16 பழைய_பேஜ்மேக்கர்

அண்ணாச்சி நூற்றுக்கு நூறு. பிக்சல்பாண்டி தம்பி, ஃபைலைப் பிடித்து வைத்தால் கிளையண்ட் திரும்பி வருவார் என்பது கணக்கு இல்லை. வேறு வழியில்லாமல் வருபவர் அடுத்த புதுப் பிராண்டை உங்களிடம் கொண்டுவர மாட்டார்.

#17 பிக்சல்பாண்டி

பாக்கி வைப்பவரிடம் என்ன செய்வது அண்ணே? ஃபைல் ஒன்றுதானே நம் கையில் இருக்கிறது.

#18 கறுப்புக்கோட்டு

பாக்கிக்குத் தனி வழி இருக்கிறது. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்யுங்கள், ஃப்ரீலான்ஸரும் சேவை நிறுவனமாகப் பதியலாம், கட்டணம் கிடையாது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் தளத்தில் புகார் போடலாம். வேலை எடுக்கும் முன்பே பதிவு இருக்கட்டும். பில்லின் கீழே உத்யம் எண்ணைப் போட்டாலே சிலர் வேகமாகப் பணம் அனுப்புவார்கள், ஏனென்றால் குறித்த நாளும் தாண்டி, வருடம் முடிந்தும் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலில் இருந்து அவர்கள் ஆடிட்டரே விரட்டுகிறார்.

#19 கொங்குக்கோடு

எல்லோருக்கும் நன்றி. பிடிஎஃப்பைப் பார்த்தேன் அண்ணே, டிக்கை எடுத்துவிட்டுத்தான் சேமித்திருக்கிறேன்.

நேற்று கிளையண்டிடம் நேரில் போய்ப் பேசினேன். அண்ணாச்சி எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு என்னென்ன மாற்ற வேண்டியிருக்கும்?" என்று முதலில் கேட்டேன். எடை, சத்து அட்டவணை, முகவரி, புதிதாக இரண்டு மசாலா வகை. லோகோவைத் தொடும் எண்ணமே அவருக்கு இல்லை. ஆனால் அதைப் பதிய வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறாராம்.

முடிவானது இது. ஆறு பவுச்சுக்கும் எழுத்து மாற்றக்கூடிய ஃபைல், ஃபாண்ட் எல்லாம் கூகுளில் இருந்து எடுத்தவைதான், அதனால் அவற்றோடு. லோகோவின் பதிப்புரிமை எழுத்தில் மாற்றம். கழித்த மாதிரிகள் என்னிடமே. பவுச் வேலைக்கு வாங்கியதில் கால் பங்கு கூடுதல் கட்டணம். அவர் பேரம் பேசவில்லை, ஒரு நாள் வந்து அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார், சரி என்றேன். லோகோவுக்கு நான் எழுதிய வாசகம்:

"மேற்கண்ட தொகை முழுவதும் கிடைத்த தேதியிலிருந்து, இணைப்பில் உள்ள லோகோவின் பதிப்புரிமை முழுவதையும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் வரைக்கும், உலகம் முழுவதற்கும் மாற்றித் தருகிறேன். இணைப்பில் இல்லாத முன்மாதிரிகள் இதில் அடங்கா. இந்த வேலையை என் படைப்பாக என் தொகுப்பில் காட்டிக்கொள்வேன். ஒப்படைத்த பின் பிறர் செய்யும் மாற்றங்களுக்கு நான் பொறுப்பல்ல."

#20 கறுப்புக்கோட்டு

நன்றாக இருக்கிறது. காலத்தையும் நிலப்பரப்பையும் எழுதியது முக்கியம். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்ளும். "மொத்த உரிமையும் வாங்கிட்டேன்" என்று நினைத்துக்கொண்டு துபாய்க்குச் சரக்கு அனுப்பும் எத்தனையோ பேரின் காகிதத்தில் இந்த இரண்டும் இருக்காது.

இரண்டு வரி சேருங்கள். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை தானாகக் காலாவதியாகும் என்று 19(4) சொல்கிறது, அது இங்கே பொருந்தாது என்று எழுதுங்கள், கிளையண்ட் பக்கம் அதைக் கேட்கத்தான் செய்வார்கள். கூடவே தடையின்மைச் சான்றுக்கு நீங்கள் கையெழுத்திட்டுத் தருவீர்கள் என்று ஒரு வரி. பெயருக்கான உரிமையும் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் பிரிவு 57இன் கீழ் எப்படியும் உங்களிடம் இருக்கும். விஞ்ஞான் பவனில் இருந்து பெயர்த்து எடுத்துச் சேதப்படுத்திய வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக அமர்நாத் சேகலுக்கு 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஐந்து லட்சம் இழப்பீடு கொடுத்தது அந்தப் பிரிவை வைத்துத்தான். மசாலா பவுச்சுக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது.

#21 இரவல்லென்ஸ்

வக்கீல் சார், என் கொட்டேஷனுக்கும் இதே மாதிரி ஒரு வரி எழுதித் தர முடியுமா? ரா ஃபைலுக்கு ஒன்று, ஸ்டூடியோ பேனருக்கு ஒன்று. முகூர்த்த சீசன் வருகிறது.

#22 கறுப்புக்கோட்டு

தனி இழை போடுங்கள் சார், அங்கே பேசலாம். வீடியோக்காரர்களையும் கூட்டி வாருங்கள்.

#23 கொங்குக்கோடு

இரண்டு வரியையும் சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து. அக்கா மகனுக்கு கம்போசர் அமைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இப்போதே அனுப்பிவிட்டேன், அவன் "என்கிட்ட கோரல்டிராதான் இருக்கு அண்ணா" என்கிறான்.